அரைப்பேர்

அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். சஞ்சிகையின் அட்டையைக் குசினி லைட்டுக்குக் கீழே சரித்துப் பிடித்து, கண்ணாடியைத் தேடாமலே பார்த்துவிட்டு, "நம்ம அத்தைதானே இது? பேர் போடலியா?" என்றார். "போடல" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ரொட்டி கருகுகிறது என்று அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். இது நடந்து மூன்று வருடமாகிறது. உள்ளே இரண்டாம் பக்கத்தின் அடியில், அட்டைப்படம் என்று போட்டு என் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. அத்தையின் பெயரை யாரும் வெட்டவில்லை. நான்தான் அனுப்பவில்லை. 'கொழுந்தெடுக்கும் பெண், நமுனுகுல' என்று எழுதி அனுப்பியிருந்தேன். அவர்கள் நமுனுகுலவையும் எடுத்துவிட்டு மலையகத்தின் முகம் என்று போட்டுக்கொண்டார்கள். அதில் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. அவர்கள் ஊரை எடுத்தார்கள், நான் ஆளையே எடுத்திருந்தேன். அம்மாவின் கேள்வியில் இன்னொரு முள்ளும் இருந்தது. தோட்டத்தில் பேர் என்றால் பெயர் மட்டுமல்ல, ஒரு நாள் வேலை. "இந்த மாசம் எத்தன பேர் விழுந்துச்சு?" என்று கேட்டால், எத்தனை நாள் சம்பளம் என்று அர்த்தம். காலையில் பிரட்டுக்களத்தில் நின்றவருக்கு, பொழுது சாய்ந்து கொழுந்து நிறுத்த பிறகு, செக்ரோலில் கணக்கப்பிள்ளை பேர் போடுவார். கேட்ட கிலோ வரவில்லை என்றால் அரைப்பேர். காய்ச்சலோடு மலையேறி, அட்டைக்கடி பட்டு, மழையில் ஊறிய படங்கைப் பிழிந்துகொண்டு வந்து நிற்பவளிடம், இன்றைக்கு நீ பாதிதான் என்று ஒரு பேனா சொல்லிவிடும். அம்மா 31 வருடம் அந்தக் கணக்கில் நின்றவர். அன்றைக்கு அவர் கேட்டது அத்தையின் பெயரையா, அத்தையின் கூலியையா என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை.

படம் எடுத்தது ஓர் ஆகஸ்ட் மாதம். ஊவாவில் அது கச்சான் காற்றின் காலம். மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டும் காற்று, எங்கள் பக்கம் இறங்கும்போது வறண்டுபோய் வருகிறது. இலையில் ஈரம் குறைகிறது. அந்தக் குறைவிலிருந்துதான் ஊவாத் தேயிலைக்கே உரிய ஒரு வாசனை உண்டாகிறது என்றும், ஏலத்தில் அதற்காகவே காத்திருந்து விலை கேட்பார்கள் என்றும் சொல்வார்கள். அதே காற்றில் கொழுந்தெடுப்பவர்களுக்கு உதடு வெடிக்கும். குதிகாலில் பிளவு விழும். தலையில் போட்ட துணி பறக்காமலிருக்க ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அத்தை அப்படித்தான் நின்றார். முனையைக் கடித்ததில் வாய் கோணி, அது சிரிப்புப் போலப் பதிவாகிவிட்டது. படத்தைப் புகழ்ந்தவர்கள் எல்லோரும் அந்தச் சிரிப்பைத்தான் புகழ்ந்தார்கள். நான் மறுக்கவில்லை. இன்னும் ஒன்று. கமராவைப் பார்த்ததும் அத்தை என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்க வாயெடுத்தார். நான்தான், "இங்க பாக்காதீங்க அத்தே, கொழுந்தப் பாத்துக்கிட்டே இருங்க" என்றேன். இயல்பாக இருக்க வேண்டுமாம். என்னைக் கண்டால் என்னோடு பேசுவதுதான் அத்தைக்கு இயல்பு. நான் விரும்பியதோ, என்னைத் தெரியாத ஓர் அத்தை.

இந்த விருப்பம் எனக்கு எங்கிருந்து வந்தது? தோமஸ் லிப்டன் 1890இல் வந்து, அப்புத்தளைப் பக்கம் தம்பேதென்னவையும் வேறு சில தோட்டங்களையும் வாங்கினார். அதற்குப் பிறகு தேயிலைப் பொட்டலங்களிலும் விளம்பரங்களிலும் கூடை சுமந்த ஒரு தமிழ்ப்பெண் நிற்கத் தொடங்கினாள். அவள் இன்னும் இறங்கவில்லை. கொழும்பின் படப்பிடிப்புக் கம்பனிகள் அவளைத் தபாலட்டையாக்கி, கப்பலேறும் வெள்ளைக்காரர்களிடம் விற்றன. மூக்குத்தி, தண்டட்டி, கூடைக் கயிறு எல்லாம் துல்லியமாக இருக்கும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இனமும் தொழிலும் இருக்கும். இன்றைக்கு லிப்டன் ஆசனத்துக்கு ஏறும் வழியில் நின்று பார்த்தால், உல்லாசப் பயணி கமராவை உயர்த்துமுன்பே சில பெண்கள் கொழுந்தை இரண்டு விரலில் பிடித்து, முகத்தைக் கொஞ்சம் சாய்த்து நின்றுவிடுவதைக் காணலாம். அதற்குக் காசும் கேட்பார்கள். அதைக் கேவலம் என்று பேசும் படித்தவர்கள் எங்களுக்குள்ளேயே உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூறு வருடத்துக்கு மேலாக இலவசமாக நின்ற ஒரு நிலைக்கு இவர்கள் கூலி வைக்கிறார்கள். அந்த மலைச்சரிவில் படத்துக்குப் பேர் விழுகிறது. கணக்கப்பிள்ளையின் பேனா இல்லாமலே விழுகிறது.

ஜூலியா மார்கரெட் கெமரோனின் படங்களை முதன்முதலில் ஒரு புத்தகத்தில் பார்த்தபோது, அச்சடித்த தாளின் கபில நிறமே என்னைக் கட்டிப்போட்டது. 48 வயதில், மகள் பரிசாகக் கொடுத்த கமராவோடு தொடங்கியவர். இங்கிலாந்தில் இருந்தவரை டெனிசன், டார்வின், ஹெர்ஷல் என்று பெரிய தலைகளை இருட்டிலிருந்து கடைந்தெடுத்தார். அவரே 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்துவிட்டார். கணவர் சார்ள்ஸ் ஹே கெமரோனுக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1830களில் இலங்கையின் ஆட்சிமுறையைத் திருத்தி எழுத வந்த ஆணைக்குழுவில் இருந்த அதே கெமரோன்தான். ஜூலியா இங்கே எடுத்த படங்களில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. களுத்துறை வீட்டைச் சுற்றியிருந்தவர்களும் தோட்டத்துத் தமிழர்களும் அவற்றில் இருக்கிறார்கள். அதே கனிவு, அதே ஒளி, அதே கிட்டத்து முகம். ஆனால் டார்வினுக்குக் கீழே டார்வின் என்று இருக்க, இவர்களுக்குக் கீழே குடியானவர்கள் என்றும் இளம்பெண் என்றும் மட்டும் இருக்கிறது. அவரைக் குற்றம் சாட்ட எனக்கு நா எழவில்லை. இங்கிலாந்திலும் தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணை அவர் மரியன்னையாக நிறுத்தியவர்தான். 1879இல் தோட்டத்திலேயே இறந்து, போகவந்தலாவையில் தேவாலயத்து மண்ணில் கிடக்கிறார். கல்லறைக்கல்லில் அவருடைய பெயர் இருக்கிறது. கல்லைச் சுமந்தவர்கள் யாரோ.

இன்னொரு சங்கதியும் இடையில் வந்து உறுத்தும். 'சோங் ஒஃப் சிலோன்' என்ற ஆவணப்படத்தை பசில் ரைட் 1934இல் எடுத்தார். திரைப்படக் கல்லூரிகளில் இன்றைக்கும் காட்டுகிறார்கள். அதற்குப் பணம் வந்தது தேயிலைப் பிரசாரச் சபையிடமிருந்து. வர்ணனைக் குரல், இலங்கையின் மிகப் பெரிய புகைப்படக்காரர் லயனல் வென்ட்டுடையது. அழகான படம். ஆனால் அதன் மனம் முழுக்க சிங்களக் கிராமங்களிலும் சிவனொளிபாத மலை யாத்திரையிலும் வயல்களிலும் தோய்ந்து கிடக்கிறது. தேயிலைக் காசில் தேயிலைக்காரர்களைத் தள்ளிநின்று கடந்துபோகிறது. பார்த்துவிட்டு வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன். நன்றாகத் தூங்கினேன். காலையில் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் உறைத்தது.

எங்கள் வீட்டில் பாட்டிக்கு இருப்பது ஒரே படம். கறுப்பு வெள்ளை. பாட்டியும் தாத்தாவும் தோளோடு தோள் ஒட்டி, பொலிஸ் பிடித்து நிறுத்தியதுபோல நிற்கிறார்கள். பின்னால் கட்டிய வெள்ளைத் துணியில் ஒரு மடிப்பு. சின்னப் பாட்டியும் அவர் புருஷனும் இருக்கிற இதே மாதிரி இன்னொரு படம் ஒரு காலத்தில் இதோடு சேர்ந்தே இருந்ததாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டன. இங்கேயும் பேர்தான். அரைப்பேர் கணக்கு அரசாங்கங்களுக்கும் தெரிந்திருந்தது. அந்தக் காலத்தில்தான் தோட்டத்தில் பலர் வாழ்க்கையில் முதல்தடவையாக கமராவுக்கு முன்னால் நின்றார்கள். விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும், கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். பதுளையிலிருந்து புறப்பட்ட கோச்சிகளில் ஏறியவர்களும் ஏற்றிவிட வந்தவர்களும் அழுத அழுகையால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் நிலைத்தது. சின்னப் பாட்டி அதில் போனார். தலைமன்னார், கப்பல், மண்டபம், பிறகு நீலகிரி என்று கடிதத்தில் வந்தது. பாட்டி சாகும்வரை மிச்சமிருந்த அந்த ஒரு படத்தைக் குங்குமம் வைத்துத்தான் வைத்திருந்தார். எனக்குப் புரிய நாளாயிற்று. எங்கள் ஆட்களுக்குப் பெயரோடு சேர்த்துப் படம் எடுத்தவர்கள், அவர்களை எண்ணி அனுப்ப எடுத்தவர்களே. அழகுக்காக எடுத்தவர்கள் பெயர் கேட்கவில்லை. பெயர் கேட்டவர்களுக்கு அழகு தேவைப்படவில்லை.

அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்றொருவர். 1908இலிருந்து குழந்தைத் தொழிலுக்கு எதிரான ஒரு குழுவுக்காக ஆலைகளுக்குள்ளும் சுரங்கங்களுக்குள்ளும் புகுந்து படமெடுத்தார். வாசலில் காவலாளியிடம் ஏதாவது பொய் சொல்லித்தான் உள்ளே போக முடியும். அவரிடம் என்னைக் கவர்ந்தது படங்களைவிட அவருடைய கோட்டுப் பொத்தான்கள். எந்தப் பொத்தான் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முன்னமே அளந்து வைத்திருப்பார். பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தினால் உயரம் தெரிந்துவிடும், உயரத்திலிருந்து வயதை ஊகிக்கலாம். சட்டைப்பைக்குள் கையை விட்டபடியே குறிப்பு எழுதுவாராம். பெயர், வயது, எத்தனை மணி வேலை, எவ்வளவு கூலி. அந்தக் குறிப்பில்லாமல் அந்தப் படம் ஒரு அழுக்குப் பையன், அவ்வளவுதான். குறிப்போடு சேர்ந்தால் சாட்சி. பொத்தானால் ஒரு பிள்ளையை அளப்பதும் பேனாவால் ஒருத்தியைப் பாதியாக்குவதும் இரண்டும் கணக்குத்தானே என்று ஒரு நாள் கோச்சியில் யோசித்துக்கொண்டே வந்தேன். தெமோதரையில் வண்டி வளையம் சுற்றி, போன பாதைக்கே அடியில் நுழைந்தபோதும் விடை வரவில்லை.

மதுரைக்காரர் எம். பழனிக்குமாரை நான் பார்த்ததில்லை. படங்களைத்தான் தெரியும். அம்மா கரிமேடு சந்தையில் மீன் வாங்கி விற்றவர். அந்த அம்மாவைத்தான் அவர் திரும்பத் திரும்பப் படமெடுத்தார். விடியாத சந்தை, ஐஸ், தெரு விளக்கு, தலையில் பாத்திரம். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017இல் வந்தபோது அதன் ஒளிப்பதிவு இவருடையது. தமிழ்நாட்டில் மலம் அள்ளும் வேலை இல்லவே இல்லை என்று சாதித்தவர்களுக்கு முன்னால் வைத்த படம் அது. பல இடங்களில் திரையிட விடாமல் பொலிஸ் தடுத்தது. பிறகு இணையத்தில் எல்லோரும் பார்த்தார்கள். படம் முடிந்ததும் அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். இவர் மலக்குழியில் செத்தவர்களின் வீடுகளுக்குப் போனார். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் படமெடுத்து, 'நானும் ஒரு குழந்தை' என்று கண்காட்சி வைத்தார். பிறகு அப்படிப்பட்ட பிள்ளைகள் கையிலேயே கமராவைக் கொடுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பி. சாய்நாத் தொடங்கிய பாரி ஆவணக் காப்பகத்தில் அவருடைய படங்கள் கிடக்கின்றன, தமிழிலும் படிக்கலாம். தயானிதா சிங் பெயரில் அவர்கள் வைத்த ஆவணப் புகைப்பட விருது முதலில் இவருக்குத்தான் போனது. நான் அதிகம் தங்கி நின்றது ராமநாதபுரம் கரையில், பாரதிநகர்ப் பெண்கள் கடல்பாசி எடுக்கிற படங்களில். பாறை கீறாமலிருக்க ஒவ்வொரு விரலிலும் கிழிசல் துணியைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். என் அத்தைக்கும் அப்படி உண்டு, ஆள்காட்டி விரலில் ஒரு துணி. அந்தக் கரைக்குக் கொஞ்சம் தள்ளித்தான் மண்டபம் முகாம். எங்கள் ஆட்களை ஒரு காலத்தில் இங்கே ஏற்றிவிடுமுன் நிறுத்திச் சோதித்த இடம், பின்னொரு காலத்தில் இங்கிருந்து போனவர்களை இறக்கிய இடம். பழனியின் படங்களுக்குக் கீழே பெண்களுக்குப் பெயர் இருக்கிறது, எத்தனை வருடமாகக் கடலில் இறங்குகிறார்கள் என்பது இருக்கிறது, காசு எவ்வளவு என்பதும் இருக்கிறது. அவர்கள் கமராவைப் பார்க்கிறார்கள். கொழுந்தைப் பார் என்று யாரோ சொல்லாத முகங்கள்.

இங்கே எனக்கு ஒரு பொறாமை உண்டு, ஒளிக்கவில்லை. அவரும் உழைக்கிற அம்மாவின் பிள்ளை, நானும் அப்படித்தான். அவர் நின்ற இடத்திலிருந்து எடுத்தார். நானும் நின்ற இடத்திலிருந்துதான் எடுத்தேன், ஆனால் அங்கே நின்றதை மறைத்துக்கொண்டு எடுத்தேன். லயத்துப் பையன் எடுத்தது என்று தெரியாமலிருந்தால்தான் அது கலை என்று எனக்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பண்டாரவளையில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் 'தோட்டக்காட்டான்' என்று கூப்பிட்ட வாய்களாக இருக்கலாம்.

ஆனால் பெயர் போட்டுவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. 1940இல் பதுளைக்குப் பக்கத்து வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். துரை அதைக் கலந்துபேசித்தான் காரியம் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு பொலிஸ் வந்தது. அந்தச் சபையில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எடுத்த படம் ஒன்று இருந்திருந்தால் எங்கள் வீட்டுச் சுவர்களில் தொங்கியிருக்கும் என்று முன்பெல்லாம் ஆசையாக நினைப்பேன். இப்போது, அந்தப் படம் முதலில் துரையின் மேசைக்குத்தான் போயிருக்கும் என்றும் தோன்றுகிறது. முன்னால் நின்றவனுக்கு வேலையிலிருந்து நிறுத்தும் பத்துச்சீட்டு, லயத்துக் காம்பராவைக் காலி பண்ண உத்தரவு. 1983 ஜூலையில் பதுளை டவுனில் கடைகள் எரிந்தபோது, பெயரைக் கேட்டவர்கள் எதற்குக் கேட்டார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியும். பெயரில்லாமலிருப்பது சில நாட்களில் கூரை. இதை நினைக்கிறபோது ஹைனின் சட்டைப்பைக் குறிப்புப் புத்தகத்தைப் பற்றியும் ஒரு சின்னப் பயம் வருகிறது. அதைச் சாட்சியாக்குவது யார் கையில் அது போய்ச் சேர்கிறது என்பதுதான்.

மீரியபெத்தைக்கு நானும் போனேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைக்கு மேலே மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களுக்கு முன்பே சொல்லியிருந்தது. நான் போனபோது கமராக்கள் நிறைய இருந்தன, என்னுடையதும் ஒன்று. சிவப்பு மண். ஈரம் காயாத நாற்றம். பெக்கோவின் இரைச்சல் நிற்கும்போதெல்லாம் எங்கிருந்தோ ஒரு நாய். முகாமில் இருந்த ஒரு பெண் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கமராவுல பழைய படம் ஏதும் இருக்குமா?" என்று கேட்டார். முதலில் விளங்கவில்லை. போன தீபாவளிக்கு யாரோ வந்து பிள்ளைகளைப் படமெடுத்துப் போனார்களாம். அது நானாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறார். வீட்டிலிருந்த படங்கள் வீட்டோடு போய்விட்டன. இப்போது அவருடைய பிள்ளையின் முகம், வந்துபோன யாரோ ஒருவருடைய கமராவில்தான் இருக்கிறது, பெயரில்லாமல், எந்த நாட்டிலோ. நான் அன்றைக்கு மேற்கொண்டு படமெடுக்கவில்லை. அது நல்ல குணமென்று சொல்ல வரவில்லை. கை வரவில்லை. எடுத்திருக்க வேண்டுமோ என்ற சந்தேகம் அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் வருகிறது.

போன மாதம் அட்டைப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். நாட்சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கு 2021 மார்ச் வரை காத்திருந்த தலைமுறை அவர். இப்போது வேலைக்குப் போவதில்லை, முழங்கால் விடவில்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். தன் முகத்தைத் தொடவே இல்லை. விரல் பின்னால் போனது. "இது ஏழாம் நம்பர் மல. கவ்வாத்து வெட்டி ரெண்டாம் வருசம். அந்தா, அது பாக்கியம். அது செத்துப் போச்சு." தூரத்தில் ஒரு புள்ளியாக, தேயிலைக்கு மேலே ஒரு தலைத்துணி. மூன்று வருடமாக அந்தப் புள்ளியை நான் பின்னணி என்று நினைத்திருந்தேன். அடுத்த தடவை எங்காவது போட்டால் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணா தம்பி. மகன் கம்பனியில நிக்கிறான். ஒரு வில்லங்கமும் வேணா" என்றார். பிறகு, "பாக்கியத்துப் பேரப் போடு" என்றார். இங்கே போட்டிருப்பது அவர் சொன்ன பெயர் அல்ல. அதையும் அவரிடமே கேட்டுத்தான் மாற்றினேன்.

கிளம்பும்போது டிரங்குப் பெட்டியைத் திறந்து, சேமலாபநிதிக் கடுதாசிகளுக்கு அடியிலிருந்து மாமாவின் அடையாள அட்டைப் பிரதியை எடுத்துத் தந்தார். மாமா போய் ஆறு மாதம். படம் என்று வேறு ஒன்றும் இல்லை. இதிலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, கலர் கொடுத்து, பூமாலை போடுகிற அளவுக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தர முடியுமா என்றார். பதுளையில் பஸ் தரிப்பிடத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். பையன் ஸ்கேன் பண்ணி, கண்ணைச் சரிசெய்து, கழுத்துக்குக் கீழே எவருடையதோ ஒரு கோட்டை ஒட்டினான். மாமா கோட்டுப் போட்டதே இல்லை, ஆனால் பொருந்தியது. அடியில் எழுதுவதற்காக அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நின்றான். பதிவாளர் காதில் விழுந்ததைச் சிங்களத்தில் எழுதி, அதை மறுபடி யாரோ தமிழாக்கியதில், ஆறுமுகம் ஆருமோகனாகி இருந்தது. எங்களுக்கு அவர் பெயர் ஆறுமுகமும் இல்லை. தப்படிக்கிற கையால் வந்த பட்டப்பெயர் ஒன்றுதான் லயம் முழுக்கத் தெரியும். "எந்தப் பேர் போடறது அண்ணே? கார்ட்ல உள்ளதா, கூப்பிடுறதா?" என்று கேட்டான். அத்தையிடம் கேட்கிறேன் என்று போனை எடுத்தேன். அந்தப் பக்கம் சிக்னல் இல்லை. பையன் சுட்டியை வெள்ளைப் பட்டைமேல் வைத்தபடி காத்திருந்தான்.